இரண்டாவது வேன்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கம்பெனிக்கு வேன், கேன்டீன், காவல் என்று வெளியாட்களை ஒப்பந்தத்தில் அமர்த்துவது என் வேலை. அதில் என்னவெல்லாம் கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே பயப்படுவதற்கும் எனக்குத்தான் சம்பளம். பயப்படுவதில் எனக்குப் பிறவியிலேயே திறமை உண்டு.

காலை ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிவர ஒரே டிராவல்ஸை நம்பக் கூடாது என்று கரடியாகக் கத்தினேன். கடைசியில் ஒக்கலிபுரத்தில் ஒன்று, அது வராத நாளுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் இன்னொன்று என்று அமர்த்தினேன். இரண்டின் காகிதங்களையும் வரி விடாமல் படித்தேன். முதலாளி வேறு, முகவரி வேறு. அப்போது டீம் லீட் பதவி காலியாக இருந்தது. அது எனக்கு வேண்டும், வெட்கமில்லாமல் வேண்டும். அதனால் கோயம்புத்தூர்க்காரரான என் மேலாளரிடம் ஒத்திகைக்கு நாள் குறித்தேன். முதல் வேனை நாமே வர வேண்டாம் என்போம், இரண்டாவது எப்படி வந்து நிற்கிறது பாருங்கள் என்றேன்.

அன்று காலை இருவரும் கேட்டில் நின்றோம். ரிச்சர்ட்ஸ் டவுன் வேன் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தது. நான் மேலாளரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். பிறகுதான் டிரைவரைப் பார்த்தேன். தினமும் ஒக்கலிபுரம் வேனை ஓட்டிவரும் அதே மனிதர். கண்ணாடியில் அதே விரிசல், முன்னால் அதே எலுமிச்சம்பழம். பெயர்ப்பலகை மட்டும் புதுசு.

"அண்ணா, நீங்க எப்படி?"

"நீங்கதான மேடம் நேத்து வர வேணாம்னீங்க? சாயங்காலம் இந்த டிராவல்ஸ்காரரு போன் பண்ணி, வண்டி இருக்குதான்னாரு. அவராண்ட சொந்த வண்டி ஏது? சும்மாதான நிக்குதுன்னு போர்டை மாத்திக்கினு வந்துட்டேன்."

மேலாளர் என்னைப் பார்த்தார். "காயிதமெல்லாம் கரெக்டாத்தானுங்க இருந்துச்சு," என்றார். பிறகு டிரைவரிடம் திரும்பி, "ஏனுங்க, உங்களுக்கு ஒடம்பு முடியலீன்னா யாருங்க வருவாங்க?" என்று கேட்டார்.

"எனுக்கு ஒண்ணும் வராது சார்," என்று சொன்ன அண்ணா, உடனே தும்மினார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. டீம் லீட் பதவி பக்கத்து மேஜைக்காரிக்குப் போனது. சொந்த வண்டி வைத்திருக்கும் ஒரு டிராவல்ஸைத் தேடி இப்போது ஷெட் ஷெட்டாக அலைகிறேன். அது கிடைக்கும்வரை, காலையில் ஃப்ளாஸ்க் நிறைய மிளகுக் கஷாயத்தோடு கேட்டில் நிற்கிறேன். டிரைவர் அண்ணா கடைசிச் சொட்டைக் குடித்து முடிக்கும்வரை நகர மாட்டேன்.