அறுபத்தோரு வேளை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் நான்கு மூட்டை நெல் நாறிப்போனது. அறுபத்தேழு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் நடந்தது எத்தனையோ மறந்துவிட்டது. இந்த மாதம் மட்டும் இரண்டு மூக்குக்கண்ணாடி தொலைத்திருக்கிறேன். இது மட்டும் போகமாட்டேன் என்கிறது.

அம்மா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. வேலைக்குப் போன பெண் அவள் ஒருத்திதான். எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று பெரியம்மாவுடையது. பெரியம்மா வீட்டிலேயே இருப்பவள். அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சூடாக ஏதாவது சாப்பிடுவார்கள். நான் அம்மா காலையில் மூடிவைத்துப் போன தட்டைத் திறப்பேன். வாரத்தில் ஐந்து நாள் அப்படி.

அப்போதெல்லாம் சாப்பாட்டு நெல்லை வீட்டிலேயே ஊறவைத்து, அவித்து, காயவைத்துத்தான் மில்லுக்கு அனுப்புவோம். அம்மா வியாழக்கிழமை சாயங்காலம் கொல்லைத் தொட்டியில் நெல்லை ஊறப்போட்டாள். சனிக்கிழமை விடுமுறை, அன்று அவித்துவிடலாம். நடுவில் வெள்ளிக்கிழமை ஒரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நெல் புளித்து, சோறுவரைக்கும் அந்த நாற்றம் வரும். வெள்ளிக்கிழமையோ அவள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். எங்கள் ஊரில் நான் படித்த பள்ளிக்கு அன்று விடுமுறை.

"மாட்டுக்கு வைக்கோல் போட ஆள் வருவார். தொட்டித் தண்ணியை மாத்தச் சொல்லுடா. மறந்துடாதே," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

ஆள் வந்தார், வைக்கோல் போட்டார், போனார். நான் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன். பதினேழு ஜெயித்தேன். அப்பா அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தார். தொட்டியைத் தாண்டி நாலைந்து தடவையாவது கிணற்றடிக்குப் போயிருப்பார். அவர் ஏன் கவனிக்கவில்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அம்மா தொட்டியில் கைவிட்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்பா வந்து என்ன என்று கேட்டார்.

"நான்தான் தண்ணி மாத்தாம போயிட்டேன்," என்றாள்.

அன்று அப்பாவின் கைக்குத் தப்பினேன்.

அரிசியைத் தூக்கிப்போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தின்றே தீர்க்க வேண்டும். ஒரு மாதம் அப்படி ஓடியபோது பட்டுக்கோட்டையிலிருந்து அப்பாவின் அக்கா வந்தாள். அந்த அத்தை முதல் கவளத்திலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரான் பிள்ளைக்கு அனா ஆவன்னா சொல்லிக் குடுக்கப் போனா வீட்டுச் சோறு இப்படித்தான் மணக்கும். என்ன டீச்சரம்மா, என் தம்பி சம்பாத்தியம் பத்தலையா உனக்கு?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாத்தியிருக்க மாட்டேனா?" என்றாள் பெரியம்மா, அவள் பங்குக்கு.

அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். 

அப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நீ சொல்லு. உங்கம்மா வேலைக்குப் போகணுமா, வீட்டுல இருக்கணுமா?"

மோர் ஊற்றிய கை நின்றது. நான் உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணுவது ஒன்றுதான்.

"இதோட அறுபத்தோரு வேளை நாத்தச் சோறு தின்னாச்சு. அம்மா வீட்டுலயே இருக்கட்டும்."

"பிள்ளை கணக்கு வச்சிருக்கான் பாத்தியா!" என்று அத்தை தொடையில் தட்டிச் சிரித்தாள். அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அந்த மாதக் கடைசியோடு அம்மா வேலையை விட்டாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் எனக்குச் சுடச்சுட தோசை. ஒவ்வொன்றாக வார்த்துப் போட்டாள், மூன்று தின்றேன். எட்டேகாலுக்குத் தெருமுனையில் பஸ் வந்து ஹார்ன் அடித்தது. டீச்சர் இன்னும் வரவில்லையே என்று டிரைவர் நிறுத்திவைத்திருந்தார் போலிருக்கிறது, மறுபடியும் அடித்தார். அம்மா தோசைத் திருப்பியும் கையுமாக வாசலுக்குப் போனாள். பஸ் கிளம்பிப் போன பிறகும் அங்கேயே நின்றாள்.

"அம்மா, தோசை தீயுது!" என்று கத்தினேன்.

வந்து, கருகியதைச் சுரண்டி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். வீட்டிலேயே இருந்தும் தோசையைத் தீய்த்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.