பிரேபன் ஊருக்குக் கிளம்பினார்

எங்கள் தெருவில் யார் விடுமுறைக்குக் கிளம்பினாலும் வீட்டுச் சாவி பிரேபன் கைக்குத்தான் போகும். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். நெட்டை ஆள், பேச்சு குறைவு, எச்சரிக்கை மட்டும் ஏராளம். நாம் இத்தாலியில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருப்போம். இங்கே அவர் தன் வீட்டுக் குப்பையில் ஒரு பையைக் கொண்டுவந்து நம் தொட்டியில் போடுவார். தன் கால்சட்டையை நம் கொடியில் காயப்போடுவார். தன் காரை நம் வாசலில் நிறுத்துவார். திருடன் பார்த்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று நினைக்கவேண்டுமே! இதெல்லாம் டென்மார்க்கில் அக்கம்பக்கத்தார் செய்வதுதான். ஆனால் பனி பெய்த காலையில் ஆளில்லாத வீட்டு வாசல்வரை நடந்துபோய், காலடித்தடம் பதித்துவிட்டு வருகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருந்தபோது குழாய் வெடித்து, அவர்கள் திரும்பி வரும்போது கல்யாணப் படங்கள் கூடத்துத் தண்ணீரில் மிதந்தனவாம். அதைச் சொல்லும்போதெல்லாம் மனிதர் எழுந்துபோய்த் தன் வீட்டுக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

அவர் மனைவி கார்னாவுக்கு ஒரே அக்கா, குட்ருன். நார்வேயில் இருக்கிறாள். கோடை வந்தால் கூப்பிடுவாள். இவர்களும் கிளம்புவார்கள். பாதி வழியில் பிரேபனுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு வருஷம் இஸ்திரிப்பெட்டி. ஒரு வருஷம் ஏணியைக் கொட்டகைக்குள் வைத்தோமா இல்லையா. வண்டி திரும்பும், ஹிர்ட்சால்ஸ் துறைமுகத்தில் நார்வே கப்பல் போய்விடும். கார்னா பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைப்பாள். பார்க்கிற எனக்குத்தான் ஆத்திரம் வரும்.

இந்த வருஷம் குட்ருன் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். போனில் அழுதிருக்கிறாள். மறுநாள் இரண்டு பேரும் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கார்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தடவை வண்டியத் திருப்பினீங்கன்னா நான் எறங்கிடுவேன். பஸ் புடிச்சு நான் பாட்டுக்குப் போயிடுவேன். யூத்தா, நீதான் சாட்சி."

"நான் எதுக்குத் திருப்பப் போறேன்?" என்றார் பிரேபன்.

"அதத்தான் வருஷா வருஷம் நானும் கேக்குறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் தனியாகப் போகிற நிலைமை வந்தால், அப்புறம் இரண்டு பேரும் பழையபடி ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்களா என்று எனக்குப் பயம்தான்.

அந்த வாரம் முழுக்க வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தண்ணீரை அடைத்தார். பிளக்குகளையெல்லாம் பிடுங்கினார். குளிர்பெட்டியைக் காலிசெய்து கதவைத் திறந்து வைத்தார். ஏணிக்குச் சங்கிலி போட்டார். என் காரைத் தன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். கொடியில் போடுவதற்கு ஈரமாக்கிய கால்சட்டை ஒன்றையும் என் கையில் கொடுத்தார்.

"உள்ள ஏதாச்சும் நெழல் தெரிஞ்சா நீ தனியாப் போகாத யூத்தா. சத்தம் போடாம ஆளக் கூப்புடு."

"சரிங்க, கெளம்புங்க. கார்னா வண்டியில ஏறி எவ்ளோ நேரமாச்சு!"

போனார்கள். எனக்கும் நிம்மதி. மத்தியானம் அந்தக் கால்சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறேன், அவர்கள் வீட்டு நிலவறை ஜன்னலுக்குள் ஒரு நிழல் அசைந்தது. எனக்குக் கோபம் முன்னால் வரும், புத்தி பின்னால் வரும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"டேய் திருட்டுப் பயலே! வெளிய வாடா!"

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பிரேபன் வெளியே வந்தார்.

"நான்தான், யூத்தா. நிலவறை ஜன்னல் கொண்டி விழுந்துச்சான்னு பாக்க..."

"விழுந்துச்சா?"

"விழுந்துதான் இருந்துச்சு."

அப்போதுதான் என் வீட்டு வாசலைப் பார்த்தேன். தன் வாசலில் என் கார் நின்றதால், தன் காரை அங்கே விட்டிருந்தார். காருக்குள் யாரும் இல்லை.

"கார்னா எங்க?"

"பஸ்ல ஏறிட்டா. பெட்டிய எடுத்துக்கிட்டு எறங்கினா. திரும்பிப் பாப்பான்னு அங்கயே நின்னேன். பாக்கவே இல்ல."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட வழியில்லை, எல்லாவற்றையும் அவர்தான் அடைத்து வைத்திருக்கிறாரே! திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், திட்டவும் செய்தேன்.

"வீடு பத்திரமா இருக்குல்ல? கட்டிப்புடிச்சு அழுங்க! அந்த மனுஷி அக்காவப் பாக்க எத்தன வருஷமா ஏங்கிக் கெடக்கிறா!"

அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் எனக்கும் தாங்கவில்லை. என் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கறுப்பு ரொட்டியும் ஊறுகாய் மீனும் வைத்தேன். தொடவில்லை. கார்னாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தார், அவள் எடுக்கவில்லை.

"இனிமே என்னைச் சேத்துக்குவாளா?"

"அவளப் போய்க் கேளுங்க. எங்கிட்டக் கேட்டா?"

ராத்திரி தண்ணீரைத் திறந்துவிட்டுத் தன் வீட்டிலேயே படுத்தார். மறுநாள் விடியும்போது கார் சீறிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். ஐயோ, அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வாசல்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சமையலறை விளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய பெட்டி நடையிலேயே நின்றது. எல்லாவற்றையும் அடைத்து, அணைத்து, பூட்டிவிட்டு வந்தேன். திட்டிக்கொண்டேதான் செய்தேன், ஆனால் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் கார்னா கூப்பிட்டாள்.

"வந்துட்டாருடி. பெட்டி இல்ல, மாத்துச் சட்டை இல்ல. மூஞ்சிகூட மழிக்கல. அக்கா வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என் கையப் புடிச்சாரு, விடவே மாட்டேங்குறாரு. சூப்ப எடது கையாலதான் குடிச்சாரு." சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

"கார்னா, இங்க கதவெல்லாம் தெறந்துதான் கெடந்துச்சு. நான் பூட்டிட்டேன். பயப்பட வேணாம்னு அவருகிட்டச் சொல்லிடு."



"வீட்டப் பத்தி அவரு இன்னும் கேக்கவே இல்லடி," என்றாள் கார்னா.