ஹால்ல இருந்த கடலும் பேர் தெரியாத நத்தையும்

தொண்ணூறுகளோட கடைசியில எனக்கு ஒரு கிறுக்குப் புடிச்சுதுங்க. மோட்டார் பம்புப் பட்டறை வெச்சிருந்ததால, தண்ணி சமாச்சாரம்னா நமக்குத் தெரியாதது இல்லைங்கற நெனப்பு. கொச்சியிலிருந்து கேன் கேனாக் கடல்தண்ணி, பாறைக்கல்லு, ஒரு கொத்துப் பவளம் எல்லாம் கொண்டாந்து, ஊட்டு ஹால்ல கண்ணாடித் தொட்டிக்குள்ள ஒரு கடலே வெச்சுப்போட்டேன்.

"சிறுவாணித் தண்ணி குடிக்கற ஊர்ல உப்புத்தண்ணியைத் தேடிப்போயி வாங்கியாந்த ஒரே மனுசன் நீங்கதானுங்க"ன்னு ஊட்டுக்காரம்மா சிரிச்சா. ஆனா அந்தப் பவளம்னா அவளுக்கு உசுரு. கல்லாட்ட இல்லாம மெத்துனு இருக்கற ஜாதி அது. லைட்டைப் போட்டா, சட்டைப் பொத்தான் அளவுல பச்சையும் ஆரஞ்சுமாப் பூப்பூவா விரியும்.

கொஞ்ச நாள்ல பூ கொறைய ஆரம்பிச்சுது. கல்லு மேல ஒரு பிராணி ஊர்ந்துக்கிட்டிருந்துச்சு. ஓடு இல்லாத நத்தை மாதிரி, முதுகெல்லாம் குஞ்சம், அழுக்கு வெள்ளை நிறம். பவளத்தைத் திங்கறது இவருதானா, இல்ல பாசி மேயற சாதுவா? தெரியாம எப்படிக் கொல்றது?

தொண்டாமுத்தூர்ல தோட்டம் வெச்சிருக்கற சிநேகிதரைக் கூட்டியாந்தேன். நத்தையோட மல்லுக்கட்டியே பாதித் தலை நரைச்ச ஆளு. கண்ணாடியில மூக்கை ஒட்டிப் பாத்துட்டு, "இதுக்குப் போயா மண்டையைக் கொடையறீங்க? ஒரு புடி கல்லுப்பைத் தூவுங்க, சுருண்டுக்கும்"னாரு.

நானும் உப்பு ஜாடியை எடுத்தாந்து தூவிப்போட்டேன். சுருளல. "பத்தலைங்களாட்ட இருக்குது"ன்னு அவரு இன்னொரு புடி கேட்டாரு. ஊட்டுக்காரம்மா வந்து ஜாடியைப் புடுங்குனா.

"ஏனுங்க, கடலுக்கே உப்புப் பத்தலைன்னு ரெண்டு பேரும் கண்டுபுடிச்சிட்டீங்களா?"

அடுத்த தெருவுல ஒரு விலங்கியல் லெக்சரர் இருந்தாரு. அவருகிட்டப் போனேன்.

"ஃபார்மலின்ல ஊறவெச்சு, அறுத்துப் பாத்தாத்தானுங்க சொல்ல முடியும்."

"அதைக் கொல்லலாமா வேண்டாமான்னு தெரியத்தானுங்க நான் வந்ததே."

"அதேதானுங்க. கொன்னு கொண்டாங்க, கொல்லலாமான்னு சொல்லிப்போடறேன்."

இவ்வளவு மரியாதையாச் சொன்னா மறுத்துப் பேச வருமா? "ஆகட்டுங்க"ன்னு தலையாட்டிட்டு வந்தேன்.

ரெண்டொரு வாரத்துல நத்தையைக் காணோம். உப்பு லேட்டா வேலை செஞ்சுபோட்டுதுன்னு சிநேகிதருக்குப் போன் போட்டு நன்றி வேற சொன்னேன். ஆனா பூ மட்டும் கொறைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு.

ஒரு நாள் காலைல ஹால்லயிருந்து சத்தம். "ஏனுங்க, சீக்கிரம் வாங்க! ஒரு பூ நடந்து போகுதுங்க!"

ஓடிப் போயிப் பாத்தா, அதே நத்தை. குஞ்சமெல்லாம் இப்பப் பச்சையும் ஆரஞ்சும். பவளத்தைத் தின்னு தின்னு அதோட நிறத்துக்கே வந்துட்டாரு. அவரு போன வழியெல்லாம் மொட்டை. இதுக்கு மேல எந்த லெக்சரரு வேணும்?

ஸ்பூன்ல அள்ளி, தொட்டித் தண்ணியோட ஒரு பாட்டில்ல உட்டேன். கொல்ல மனசு வரல. "லெக்சரருகிட்டயே உசுரோட குடுத்துட்டு வாரேன்"னு மூடியைத் திருகப் போனேன்.

"இருங்க"ன்னா ஊட்டுக்காரம்மா. கத்தரிக்கோலை எடுத்து, பவளத்துல நல்லாப் பூத்திருந்த பக்கத்தை வெட்டி பாட்டிலுக்குள்ள போட்டா.

"அம்மணி, அதைக் காப்பாத்தத்தான இத்தனை பாடு?"

"அதுக்குன்னு நம்மூட்டுல இருந்து போறவங்களை வெறும் வயித்தோடவா அனுப்புவாங்க?"

பாட்டிலைத் தூக்கிப் பாத்தேன். தொட்டியைவிட அதுலதான் பூ அதிகமா இருந்துச்சுங்க.