கட்டியை எழுப்பாமல் ஒரு நாள்

என் இதயத்துக்குள் ஒரு கொழுப்புக் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. கேன்சர் இல்லை, சாதாரணக் கட்டிதான் என்றார் அடையாறு டாக்டரம்மா. ஆனால் அது உட்கார்ந்திருக்கிற இடம் சரியில்லையாம். அதனால்தான் துடிப்பு திடீர் திடீரென்று தாறுமாறாக ஓடுகிறதாம். ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்துவிட்டு, மாத்திரை போதுமா, நெஞ்சைத் திறக்க வேண்டுமா என்று சொல்வதாகச் சொன்னார். மார்பில் வயர்களை ஒட்டி, இடுப்பில் சின்னப் பெட்டியை மாட்டி, எப்போது என்ன செய்தேன் என்று எழுத ஒரு தாளும் கொடுத்தார்கள்.

நெஞ்சைத் திறப்பது மட்டும்தான் என் காதில் நின்றது.

ராயப்பேட்டையில் எனக்குத் தையல் கடை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். இந்த ஒரு பரீட்சையிலாவது பாஸாகிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். கடையைத் திறக்கவில்லை. காபி குடிக்கவில்லை. வீட்டு மாடிப்படியில் படிக்கு ஒரு நிமிஷம் நின்று ஏறினேன். பிறகு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தேன்.

மனைவி வந்து பார்த்தாள். "இன்னாயா, போட்டோ புடிக்கப் போறாங்களா? ஆடாம குந்திக்கினு கீற."

"கட்டி தூங்கிக்கினு கீது. எழுப்பாத."

"கொழுப்பு உனக்கு வாயிலதான் கீதுன்னு நெனச்சேன்."

சிரிப்பு வந்தது. பெட்டியில் பதிந்துவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார். "துடிப்பு சுத்தமா இருக்கே. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலைங்கம்மா," என்று பெருமையாகத் தாளை நீட்டினேன். எல்லா வரியிலும் 'உட்கார்ந்திருந்தேன்' என்று இருந்தது.

அவர் பேனாவை மூடி வைத்தார். "கட்டி என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாத்தானே வைத்தியம் பண்ண முடியும்? திரும்ப மாட்டிக்குங்க. வழக்கம்போல இருங்க."

வழக்கம்போல இருப்பது எப்படி என்று எனக்கு மறந்துவிட்டது. மனைவி பொறுப்பெடுத்துக்கொண்டாள். பெட்டியோடு என்னைத் தி. நகர் கூட்டத்துக்குள் இழுத்துப் போய், புடவைக் கடையின் மூன்று மாடியும் ஏற்றி, பட்டு ஒன்றைத் தோளில் போட்டு, "எடுக்கட்டா?" என்றாள். நெஞ்சு தாவியது.

"தாவுது," என்றேன்.

"எழுதிக்கோ," என்றவள், கடைக்காரரிடம் திரும்பி, "அண்ணே, இன்னும் பெரிய பார்டரா காட்டு," என்றாள்.

இந்த முறை ரிப்போர்ட்டில் கோடு மேலும் கீழும் குதித்திருந்தது. டாக்டரம்மா அதைத்தான் நெடுநேரம் பார்த்தார். இந்த அளவு தாவலுக்கு நெஞ்சைத் திறக்க வேண்டாம், இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார்.

ஒரு வாரமாகத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது. கட்டி உள்ளே என்னதான் செய்கிறது என்று தைக்கும்போதே நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன்.