பத்து ஆள், நாலு டீம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே எனக்குத் தயக்கம். ரசப்பொடியிலிருந்து ராகுகால விளக்கு வரைக்கும் வாராவாரம் என்னென்னவோ உங்களிடம் பேசிவிட்டேன். இதை மட்டும் தொடவில்லை. ஏனென்றால் இது என் வீட்டுக்காரர் சம்பந்தப்பட்டது.

போன வாரம் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். கோயில் மைதானத்தைத் தாண்டும்போது – இப்போது அங்கே கம்பெனி பஸ்கள்தான் நிற்கின்றன – எதிரே உட்கார்ந்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

“இங்க பால் பேட்மிண்டன் கிளப்பு ஒண்ணு இருந்துச்சே... ஒரே ஆளுங்க நாலு டீம் பேருல ஆடி கப்ப சுருட்டப் பாத்தாங்களாம். மாட்டிக்கினாங்க. அதான் கிரவுண்ட புடுங்கிட்டாங்க.”

அவள் சொன்னதில் பாதி உண்மையாயிற்றே, என்னவென்று மறுப்பது?

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். எழுதட்டுமா என்று கேட்டேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சட்டைப் பட்டனைப் போட்டபடியே, “எழுது. ஆனா என்ன நல்லவனாட்டம் காட்டாத” என்றார்.

முயற்சி செய்கிறேன்.

பால் பேட்மிண்டன் என்றால் இறகுப் பந்து இல்லை. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். ஆடி மாதம் எங்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, கோயில் மைதானத்தில் போட்டி நடக்கும். ஊத்துக்கோட்டை, ஆர்.கே.பேட்டை, செவ்வாப்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ டீம்கள் வரும். எங்கள் கிளப்புக்கு இவர்தான் செகரெட்டரி. திருவிழாவில் நாலு ஊர் டீமாவது ஆடுகிறவரை மைதானம் கிளப்புக்கு. இல்லையென்றால் கோயில் அதை வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம் – இது அம்மன் முன்னால் வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்ட ஏற்பாடு.

ஒரு கிளப் எப்படிச் சாகும்? பூட்டுப் போட்டா? இல்லை. ஐந்தாவது ஆள் வரமாட்டான், அவ்வளவுதான். கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. குறை சொல்ல எனக்கு வாயில்லை – எங்கள் சோறும் அங்கிருந்துதான் வருகிறது. மீதி நாலு பேர் வலை ஓரமாக உட்கார்ந்து கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் அதுவும் இல்லை.

போட்டி கடைசியாக நடந்த வருடம் ஒவ்வொரு ஊராகக் கை விரித்தது. ஊத்துக்கோட்டையில் ஆள் சேரவில்லை. ஆர்.கே.பேட்டைக்காரர்கள் மொத்தமாக வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். செவ்வாப்பேட்டை கேப்டன்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “முட்டிக்குத் தைலம் தேய்ச்சிக்கினு கீறேன் நைனா. வேணும்னா கை தட்ட வர்றேன்.” அதற்கும் வரவில்லை.

மிஞ்சியது எங்கள் கிளப் மட்டும். பத்துப் பேர்.

இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பத்துப் பேரை இரண்டு செட்டாகப் பிரிப்பது. காலையில் எங்கள் ஊர், ஊத்துக்கோட்டை என்ற பெயர்களில் ஒரு மேட்ச். மத்தியானம் அதே பத்துப் பேர் வேறு பனியன் போட்டுக்கொண்டு ஆர்.கே.பேட்டை, செவ்வாப்பேட்டை. காலையில் முதல் செட் ஜெயிக்கணும், மத்தியானம் இரண்டாவது செட் ஜெயிக்கணும். சாயங்காலம் இரண்டு செட்டும் ஃபைனலில் மோதலாம். கப் யாருக்கு வேண்டும்? மைதானம் தங்கினால் போதும்.

பனியன்களில் ஊர் பெயரை மெஷினில் தைத்தது நான்தான். அம்மன் திருவிழாவில் இப்படிப் பொய் சொல்லலாமா என்று கேட்டேன்.

“அவ கிரவுண்டுலதான ஆடறோம். அவளுக்குத் தெரியாமயா ஆடப் போறோம்?” என்றார். நான் வலைக் கம்பத்துக்கு மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, மன்னிப்பை முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்கலாமோ என்னவோ...

காலை மேட்ச் சொன்னபடி முடிந்தது. மத்தியானம் முதல் செட் தோற்கவேண்டும். அதில்தான் ஏகாம்பரம் இருந்தார் – கம்பெனியில் கிரேன் ஓட்டுபவர், கிளப்பிலேயே நல்ல அடி அவருக்கு. பாவம், வலையிலும் வெளியிலுமாக அடித்து நன்றாகத்தான் தோற்றுக்கொண்டிருந்தார். ஆனால் எதிர்ப்பக்கம் அவரைவிட மோசமாக ஆடியது. இழுத்து இழுத்துச் சமநிலைக்கு வந்து, கடைசிப் புள்ளி. பந்து அவர் தலைக்கு மேலே உயரமாக வந்தது. அடித்தார் பாருங்கள்... எதிரில் இருந்த ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜெயித்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். காலையில் ஜெயித்ததும் அதே ஐந்து பேர், மத்தியானம் ஜெயித்ததும் அதே ஐந்து பேர். ஃபைனலில் யாரோடு யார் ஆடுவது?

நான் மோர் கொண்டுபோனபோது ஏகாம்பரம் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கை போய்ட்ச்சு அண்ணி. பந்து அப்டி வந்தா நா இன்னா பண்றது?” என்றார். கண் கலங்கியிருந்தது.

பனியனை மாற்றிக்கொண்டால் போச்சு என்றார் ஒருவர். தோற்றவர்கள் ஜெயித்தவர்களின் பனியனை வாங்கிப் போட ஆரம்பித்தார்கள். வேர்வையில் நனைந்த பனியன், ஒருவருக்குத் தலை உள்ளே போகவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “போதும்பா. வுடுங்க” என்றார்.

நேராக மைக்குக்குப் போனார். இங்கே ஆடியது ஒரே கிளப்தான், வேறு ஊர் டீம் எதுவும் வரவில்லை, தப்பு என்னுடையது – மூன்றே வாக்கியம். நான் அம்மன் பக்கம் பார்த்துக்கொண்டேன். ஜனங்கள் என்ன சொல்வார்களோ என்று காத்திருந்தேன்.

ஒன்றும் சொல்லவில்லை. யாரோ ஒருவர், “அப்போ ஃபைனல் இல்லியா?” என்று கேட்டார். இல்லை என்றதும் எழுந்து கூழ் வரிசைக்குப் போனார். மற்றவர்களும் போனார்கள்.

கோயில் தர்மகர்த்தா மட்டும் உட்கார்ந்திருந்தார். பெரியவர், அந்த ஏற்பாட்டைப் பேசி முடித்தவரே அவர்தான். இவரைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“எனக்குக் காலைலயே தெரியும்பா. ஊர்ல ஒருத்தனாவது ‘இன்னாடா இது, அதே ஆளுங்க’ன்னு கேப்பானான்னு பாத்துக்கினு இருந்தேன். கேட்டிருந்தாகூட கிரவுண்ட வுட்ருப்பேன். ஒருத்தனும் கேக்கலியே. அப்புறம் யாருக்குப்பா இந்த கிரவுண்டு?”

வருடக்கணக்காக நம் ஊரில் ஆடியவர்கள். பனியன் நிறம் மாறியதும் நம் ஊர்க் கண்ணுக்கே வெளியூர்க்காரர்கள் ஆகிவிட்டார்களே... ஆளை மறைப்பது இத்தனை சுலபமா?

மைதானம் அந்த மாதமே பஸ்களுக்குப் போயிற்று. கப்பை யாரும் தொடவில்லை, கோயிலிலேயே இருக்கிறது. பத்துப் பேரும் இப்போது எங்கும் ஆடுவதில்லை. ஏகாம்பரம் தினமும் ஷிப்டுக்கு ஏறும் பஸ் அந்த மைதானத்திலிருந்துதான் கிளம்புகிறது. பந்து அப்படி வராமலிருந்தால் என்ற கேள்வியை நான் அம்மனிடம்கூடக் கேட்பதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஏமாற்றினார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள், அது நிஜம். பனியன் தைத்தது யார் என்பதையும் சொல்லுங்கள். மாட்டிக்கொள்ளவில்லை, தானாகவே மைக்கில் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்லவராகக் காட்ட வேண்டாம் – இப்படியே, இதே அளவில்.

ஒரு கிளப்பை நாலு டீமாகக் கூட்டிச் சொல்லித்தான் மைதானமே போயிற்று.