இறங்கும் இடத்தில் ஒரு கால்

நடுவர் இருந்தார். எங்கள் கேப்டன் சோலை இருந்தான். ஆட்டத்தைப் பார்த்து வேலைக்கு ஆள் எடுக்க மதுரையிலிருந்து வந்த ஒரு சார் நாற்காலியில் இருந்தார். எதிரணியில் அருள். அப்புறம் நான்.

அருள் குதித்துப் பந்தைப் போட்டான். அவன் இறங்கும் இடத்தில் என் காலை வைத்தேன். தவறிப் பட்டது என்றுதான் இன்றுவரை சொல்கிறேன். பொய்... வேண்டுமென்றே வைத்தேன்!

காரைக்குடியில் நடந்த கூடைப்பந்துப் போட்டி. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். உடம்பு உண்டு. ஆளைத் தடுக்கவென்றே என்னைக் காசு கொடுத்து வைத்திருந்தார்கள். அன்று அருளைத் தடுக்க முடியவில்லை. ஆட்டம் முடியச் சில நொடிகள்தான் இருந்தன.

அருள் முட்டி திருகி விழுந்தான். கத்தினான். நான் நடுவரிடம் சொன்னேன்:

"நடிக்கிறான் சார். எந்திரிக்கச் சொல்லுங்க."

கால் வைத்தது ஒரு நொடி. இந்தப் பேச்சை யோசித்துத்தான் பேசினேன்.

நடுவர் சாதாரண ஃபவுல் கொடுத்தார். இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கூடைக்குப் போடுவது, ஒன்றுக்கு ஒரு புள்ளி. அருளுக்குப் பதில் வேறொருவன் போட்டான், ஒன்றுதான் விழுந்தது. மதுரை சார் வேறு பையனை எடுத்துக்கொண்டார்.

அருள் இப்போது கானாடுகாத்தானில் ஒரு ஓட்டலில் பெட்டி தூக்குகிறான். படியேறும்போது இடது காலை இழுப்பான். என் லோடு ஆட்டோவில் அங்கேதான் தண்ணீர்க் கேன் இறக்குகிறேன்.

"வாங்கண்ணே! காபி குடிச்சிட்டுத்தான் போகணும். காசு கேக்க மாட்டேன், பயப்படாதீக."

அருள் சிரித்துக்கொண்டே சொல்வான். ஏன் இந்தச் சிரிப்பு?

போன மாதம் முதல் போனில் வீடியோ அனுப்புகிறான். அமெரிக்காவில் காசுக்கு ஆடுகிறவர்களின் ஆட்டம். முதலில், அசையாமல் நிற்பவன் மேல் பந்துக்காரன் மோதுவது, மோதியவனுக்கு ஃபவுல். அடுத்து, ஓடுகிறவன் வழியில் தடுப்பவன் கடைசி நேரத்தில் நுழைவது, நுழைந்தவனுக்கு. பிறகு, ஆளைத் தொடாமலே நடுவரை வைதவனுக்கு டெக்னிக்கல் ஃபவுல்.

"அங்க ஆறு ஃபவுல் வாங்குனாத்தான் வெளிய அனுப்புவாகளாம். நமக்கு அஞ்சு. நீங்க அங்க பொறந்திருக்கணும்ண்ணே!"

வேடிக்கையா? குத்தலா? ஒவ்வொரு வீடியோவும் என் காலை நோக்கி வருவதுபோல...

நான் கால் வைத்ததைச் சோலை அன்று பார்த்தான். அவன் சொல்லியிருப்பானோ? அவன் கடைக்கே போனேன்.

"அருள்கிட்ட ஏதும் பேசினியாடா?"

"எதப் பத்தி?"

எதைப் பற்றி என்று அவன் ஏன் கேட்க வேண்டும்!

நேற்று அது வந்துவிட்டது. குதித்தவன் இறங்குகிறான், அடியில் ஒரு கால். நடுவர் திரையில் மறுபடி போட்டுப் பார்க்கிறார். கூடவே அருளின் குரல்:

"எறங்க எடம் விடாமக் கால வச்சா, அங்க பெரிய ஃபவுலாம்ண்ணே. ரெண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவுகளுக்கே. நம்ம ரெஃப்ரிக்கு டிவி ஏது? அன்னைக்கு எனக்கு நடந்தது எந்த வகை? நீங்க சொன்னாச் சரி."

நீங்க சொன்னாச் சரி... நம்பிக் கேட்கிறானா? கண்ணி வைக்கிறானா? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிகிறதா?

பதில் அடித்தேன்: 'சாதாரண ஃபவுல்தான் தம்பி.'

பார்த்துவிட்டான். நாளை அங்கே கேன் இறக்க வேண்டும்.

பந்தும் அவர்களுக்கே போயிருந்தால்... அன்று நாங்கள் ஜெயித்தோம். நாற்பத்தொன்றுக்கு நாற்பது.