ஆட்சேபணை இல்லாதவர்

ஹிபினோ மினேயோவுக்கு இங்கிலீஷ் மேல் கோபம் கிடையாது. 'ஃபீல்டு' என்கிற அந்த ஒரு சொல்லின் மேல்தான் கோபம். தோக்கியோவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கலைச்சொல் சங்கத்தில் அவளுக்கு வேலை. எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு பெரிய இங்கிலீஷ் - ஜப்பானிய அகராதி போடுவதற்காக ஏற்பட்ட சங்கம் அது. எழுத்து வரிசைப்படி வேலை நகர்ந்துகொண்டிருந்தது. ஃபேமிலி போனது, ஃபீவர் போனது, ஃபைபர்கூடப் போய்விட்டது. ஃபீல்டு மட்டும் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

விவசாயத் துறைக்காரருக்கு அது வயல். எண்ணெய் தோண்டுகிறவருக்கு எண்ணெய் கிடைக்கிற பூமி. நுண்ணோக்கி செய்கிறவருக்குக் குழாய் வழியே கண்ணுக்குத் தெரிகிற வட்டம். கம்ப்யூட்டர்காரருக்கு ஒரு கட்டம். கணிதக்காரர்கள் அதை என்ன காரணத்தாலோ 'உடல்' என்று எழுதுகிறார்கள். இவர்களுக்குள் ஒரு தகராறும் இல்லை. ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டவர்களைப் போல நிம்மதியாக இருந்தார்கள். முட்டிக்கொண்டதெல்லாம் ஒரே பொருளைக் கையில் வைத்திருந்த இரண்டு பேர்தான். காந்தத்தைச் சுற்றி ஓர் இழுப்பு இருக்கிறதே, அதை இயற்பியல்காரர்கள் 'இடம்' என்று பொருள்படும் எழுத்தால் எழுதுவார்கள். மின்பொறியாளர்கள் 'எல்லை' என்று பொருள்படும் எழுத்தால் எழுதுவார்கள். காந்தமும் ஒன்றுதான், இழுப்பும் ஒன்றுதான். ஆனால் விட்டுக்கொடுக்கச் சொன்னால் மானம் போய்விடுமாம்.

மினேயோவுக்கு அவசரம் இருந்தது. அவள் கணவன் யசுஹெய்யை அவனுடைய உரக் கம்பெனி நீகாதாவுக்கு மாற்றியிருந்தது. அங்கே தனியாகச் சமைத்து, தனியாகப் பனியை வாரிக்கொண்டு கிடந்தான். பிள்ளைகள் இல்லை. இரண்டே பேர் உள்ள குடும்பம். அதையும் இரண்டு ஊரில் வைத்துவிட்டால் குடும்பம் என்று எதைச் சொல்வது? ஏப்ரலில் கம்பெனி வீடுகள் ஒதுக்குகிறார்கள். குடும்ப வீடா, ஒற்றை ஆள் விடுதியா என்று மார்ச் கடைசிக்குள் அவன் சொல்லியாக வேண்டும். விடுதி என்று சொல்லிவிட்டால் அப்புறம் பல வருஷத்துக்கு வாயே திறக்க முடியாது.

வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சங்கத்தின் இயக்குநர் குசுமோத்தோதான் அவர்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவர். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் அவரும் பெண்ணுக்கு இந்தப் பக்கம் அவர் மனைவியும் நிற்கிறார்கள். அப்படிப்பட்டவர் முகத்துக்கு எதிரே நின்று 'போகிறேன்' என்று எப்படிச் சொல்வது? போன வருஷம் அவள் மெதுவாக ஆரம்பித்தபோது, "போகலாம்மா, யாரு வேண்டாங்கிறா? இந்த ஒரு சொல்லை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார். அந்த 'மட்டும்' அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டது.

ஆகவே அந்தக் குளிர்காலம் முழுக்க மினேயோ வீடு வீடாகப் போனாள். கூட்டத்தில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. எல்லாம் முன்கூட்டியே அவரவர் வீட்டில் பேசி முடித்துவிட்டு, கூட்டத்துக்கு வந்து தலையாட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு பெட்டி பயற்று இனிப்பு. ஒவ்வொரு தடவையும் முழங்கால் மரத்துப்போகிற வரை மண்டியிட்டு உட்கார்ந்திருப்பது.

இயற்பியல் உதகாவா கிழவர் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்: "அகாத்சுகா எப்படி இருக்கான்? இன்னும் எல்லைக்கல் நட்டுக்கிட்டுத்தான் திரியறானா?"

மின்பொறியியல் அகாத்சுகா சிரித்தார்: "உதகாவா அவர் 'இடத்துக்கு' வாடகை குடுக்கறாரா, சும்மாவே குடியிருக்காரான்னு கேட்டுச் சொல்லுங்க, ஹிபினோ சான்."

இரண்டு பேருடைய கிண்டலையும் அவள் வழியிலேயே தொலைத்துவிட்டு, கும்பிடுகளை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் போடுவது. ஜப்பானிய எழுத்து வரிசையில் எது முந்தியோ அது முன்னால். 'எல்லை' முந்திக்கொண்டது. உதகாவா தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எழுத்து வரிசையை நான் போயி மாத்தவா முடியும்?" என்றார்.

அது சம்மதம். ரயிலில் மினேயோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்றத் துறைக்காரர்களுக்கு ஒரு போன் போட்டு விவரம் சொன்னாள். கணிதம் நுகாதாவுக்கு மட்டும் போன்கூடப் போடவில்லை. அவருடைய 'உடல்' பற்றி யாருக்கும் ஒரு கேள்வியும் இல்லை; பரம சாது; அவரைப் போய் எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டாள்.

மார்ச் மாதக் கூட்டத்தில் குசுமோத்தோ தீர்மானத்தை வாசித்தார். உதகாவா தலையாட்டினார். அகாத்சுகா தலையாட்டினார். விவசாயம், எண்ணெய், நுண்ணோக்கி எல்லாம் தலையாட்டின. நுகாதா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல ஏற்பாடுதான். ஆனா நான் இதை இன்னும் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கணும்னு தோணுது" என்றார்.

அவ்வளவுதான். 'யோசிக்கணும்' என்றால் முடியாது என்று அந்த அறையில் தெரியாதவர் யாரும் இல்லை. எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள். ஒருவராவது, ஏன் ஐயா, உமக்கென்ன இதில் என்று கேட்டாரா? கேட்கவில்லை. "அப்ப இலையுதிர்காலக் கூட்டத்துல பாத்துக்குவோம்" என்று குசுமோத்தோ ஃபைலை மூடினார்.

மினேயோ தாழ்வாரத்தில் ஓடிப்போய் நுகாதாவைப் பிடித்தாள்.

"சென்செய், உங்க சொல்லுல யாரும் கை வைக்கலையே?"

"இல்லையே. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லம்மா."

"அப்புறம் ஏன் சென்செய்..."

"உதகாவா வீட்டுக்கு எத்தனையோ தடவை போனீங்களாம். அகாத்சுகா வீட்டுக்கும் போனீங்களாம். விவசாயக்காரருக்குப் போன் வந்துச்சாம்." அவர் குடையை எடுத்துக்கொண்டார். "சண்டை போட்டாத்தான் நம்ம வாசலுக்கு ஆள் வருவாங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

குனிந்து வணங்கி மன்னிப்புக் கேட்டாள். மனசுக்குள் அவரைக் கிழிகிழியென்று கிழித்தாள். தப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. யாராவது தன்னை அப்படி விட்டிருந்தால் அவளும்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அது தெரிந்ததுதான் எரிச்சலை இரண்டு மடங்காக்கியது. ஒரு குளிர்காலம் முழுக்க மண்டியிட்டதெல்லாம் போடாத ஒரு போனில் போய்விட்டது.

அன்று மாலை யசுஹெய் போனில் கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

"அப்ப விடுதின்னே சொல்லிடட்டுமா? திங்கக்கிழமை கேப்பாங்க."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்றாள். எதற்குப் பொறுக்கச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை புது இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு நுகாதா வீட்டுக்குப் புறப்பட்டாள். போய் மண்டியிடுவாள், அவர் அடடா எதற்கு இதெல்லாம் என்பார், இலையுதிர்காலத்தில் தலையாட்டுவார். அதற்குள் வேறு யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். ஸ்டேஷனில் அவருடைய ஊருக்குப் போகிற ரயில் வந்து நின்றது. மினேயோ ஏறவில்லை. கதவு மூடிக்கொண்டது. அவள் படியேறி எதிர் நடைமேடைக்குப் போனாள்.

குசுமோத்தோ வீட்டில்தான் இருந்தார். மினேயோ பெட்டியை அவர் முன் தள்ளி வைத்தாள்.

"நீகாதாவுக்குப் போறேன், ஐயா."

"சொல் இன்னும்..."

"எங்களைச் சேத்து வெச்சது நீங்கதான். இப்பப் பிரிச்சு வெச்சிருக்கறதும் நீங்கதான்."

வாழ்க்கையில் யாரிடமும் அவள் இப்படி நேராகப் பேசியதில்லை. குசுமோத்தோ அவளைப் பார்க்கவில்லை. பெட்டியின் மேல் கட்டியிருந்த நாடாவைப் பார்த்தார்.

"இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம், ஹிபினோ சான்" என்றார்.

கூட்டத்தில் நுகாதா சொன்னதுதான். அதே சொல். அதே குரல்.

தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி தட்டை உட்காரும் பாயில் பொத்தென்று வைத்தாள். "என்னத்தை யோசிக்கப் போறீங்க? கல்யாணப் படத்துல அவ பக்கத்துல நின்னது நான். அன்னைக்கு அவங்க அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. உங்க கையை இல்ல." மினேயோவிடம் திரும்பி, "போ. பனி உருகறதுக்குள்ள போய்ச் சேரு. பூட்ஸ் இருக்கா?" என்றாள்.

மனைவி சொன்ன பிறகு அந்த வீட்டில் வேறு யாரும் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை போலும். குசுமோத்தோ நாடாவை அவிழ்த்து, ஒரு துண்டு இனிப்பை வெட்டி முதலில் மினேயோவுக்கு வைத்தார்.

ஸ்டேஷன் வாசலில் இருந்த போனிலிருந்து அவள் நீகாதாவைக் கூப்பிட்டாள்.

"குடும்ப வீடுன்னு சொல்லுங்க."

யசுஹெய் திகைத்துப்போனான். "என்ன, அந்தச் சொல் முடிஞ்சுடுச்சா?"

"அது அங்கேயே கெடக்கு," என்றாள் மினேயோ. "நான் வரேன்."